வாவியில் ஒரு நாள்

சென்ற பூரணை விடுமுறையன்று நாமும் எம் இல்லாளும் மட்டக்களப்பு வாவியிலே மோட்டார்ப் படகேறினோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்ட வாவி. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இயந்திர இரைச்சலையும் விஞ்சி, கண்டற் காடுகளின் பயனை நாம் விளக்கிக்கொண்டே சென்றோம். எம் படகெழுப்பிய அலையில், வலை வீசி நின்ற தோணிக்காரர் ஒருவர் தள்ளாடினார். “எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்கோ!” என்றாள் இல்லாள். அவள் பலமுறை சொல்லிய பின்னரே அது எம் செவியில் விழுந்தது. நிறுத்தி, அவரிடம் பொறுத்தருள வேண்டினோம்.

நிலவெழுந்தபோது, 1924 இல் அமைந்த பழைய கல்லடிப் பாலத்தடியில், துடுப்பை நீரில் ஆழ்த்தி, அதன் மேல்முனையிற் செவிவைத்து மீன்பாட்டுக்குக் காத்திருந்தோம். எமக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“எனக்குக் கேட்குது,” என்றாள் அவள்.

வகுப்பறையிலும் வீட்டிலும் பேசியே பழகிய எமக்கு, இருபதாண்டு இல்லறத்தில் கேளாது போனவை எத்தனையோ! கரை சேரும்வரை நாம் வாய்திறக்கவில்லை, அவளே பேசிவந்தாள்.