பட்டா இருந்தும் ஆக்கிரமிப்பாளர்

நியூயார்க் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். உள்ளே போனால் காடு மாதிரிதான் இருக்கிறது. பிள்ளைகள் படகில் போகிறார்கள், கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள், பாலத்தடியில் ஒருத்தர் சாக்சபோன் ஊதுகிறார். 1962இல் திறந்த திறந்தவெளி அரங்கில் கோடையில் ஷேக்ஸ்பியர் நாடகம் போடுகிறார்கள், டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. நம்ம ஊர்ப் பூங்காவில் வாட்ச்மேன் கம்போடு வந்து எழுப்பி விரட்டுவானே, அதை நான் அங்கே பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

ஆனால் அது தானாய் முளைத்த காடு இல்லை. 1858இல் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர் போட்ட திட்டப்படி பாறையை வெடிவைத்துத் தகர்த்து, மண் கொட்டி, மரம் நட்டு உண்டாக்கியது. ஏரிகூட வெட்டினதுதான். காடு வளர்த்தது தப்பில்லை. அதுக்கு முன்னாடி அங்கே என்ன இருந்தது என்பதுதான் பேச்சு.

மேற்கு ஓரத்தில், 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் நடுவில் செனெகா கிராமம் இருந்தது. 1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர், பூட்சுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தவர், 125 டாலருக்கு அங்கே மூன்று மனை வாங்கினார். நியூயார்க்கில் அடிமைமுறை ஒழிந்ததே 1827இல்தான்! அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வாங்கினார்கள். 1855இல் சுமார் 225 பேர். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள், மிச்சம் பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம்.

1821ஆம் வருஷத்து மாநில அரசியல் சட்டப்படி கறுப்பின ஆண் ஓட்டுப் போட 250 டாலர் பெறுமான சொத்து வேண்டும். வெள்ளைக்காரனுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆக, மனை என்பது ஓட்டு. 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகத் துப்பாக்கிக்கு இரண்டு பேரைக் கொடுத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூங்கா என்று முடிவானதும் பத்திரிகைகள் அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதின. பட்டா வைத்திருந்தவனையும் சேர்த்துத்தான். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போடப்பட்ட நம் சனங்கள்மேல் ஒட்டினதும் இதே வார்த்தைதான். 1857க்குள் ஊர் காலி. வில்லியம்ஸ் 3,500 டாலர் கேட்டார், 2,335 கொடுத்தார்கள். ‘காசு வாங்கிட்டாங்கல்ல, அப்புறம் என்ன?’ என்று கேட்கிறவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. ஓட்டுக்கு அந்தக் காசில் என்ன விலை போட்டார்கள், கூப்பிடு தூரத்தில் இருந்த அக்கம்பக்கத்துக்கு என்ன விலை?

இப்படி ஒரு ஊர் இருந்தது என்று பூங்காவில் பலகை வைத்ததே 2001இல்தான். 2011இல் தோண்டினார்கள். ஒரு வீட்டின் அடித்தளக் கல் வந்தது, இரும்புக் கெட்டில் வந்தது, தோலில் அடி வைத்துத் தைத்த ஒரு சின்ன ஷூவும் வந்தது. எங்க தாத்தா ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். பலகைக்குப் பக்கத்தில் இருந்த பாறைமேல் உட்கார்ந்து, அந்த ஷூவைப் போட்ட பிள்ளை கடைசியாய் எந்தத் தெரு வழியாக வெளியே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.