தளப்பலகை

குரோம்பேட்டையில் கடல் இல்லை. படகு செல்லும் ஆறும் ஊர் நடுவே ஓடவில்லை. ஆயினும் எங்கள் தெருவில் ஒரு படகு உண்டு. அது வந்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், என் தவறு ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் பெய்த மழையை இப்பக்கத்து மக்கள் எளிதில் மறவார். தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. எங்கள் தெருவில் மார்பளவு நீர் நின்றது. அப்பொழுது கடற்கரையிலிருந்து மீனவர்கள் தம் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அழையாமலே வந்தார்கள். குழந்தைகளையும் முதியோரையும் மாடிகளிலிருந்து இறக்கிக் கரை சேர்த்தார்கள். வெள்ளம் வடிந்த பின், நமக்கென ஒரு படகு இருத்தல் நன்று என்று எண்ணித் தெருவார் பணம் சேர்த்தோம். ஒட்டுப்பலகையால் ஆன சிறு படகு ஒன்று வாங்கினோம். அதைக் காக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் அதை எவ்வளவு அருமையாகக் காத்தேன் தெரியுமா? தளம் தேயலாகாது என்று தேங்காய்நார்ப் பாய் விரித்தேன். தூசி படியலாகாது என்று தார்ப்பாயால் மூடி, காற்றும் புகாதபடி கயிற்றால் இறுக்கினேன். வேப்பமரத்து நிழலில் வெறுந்தரைமேல் வைத்தேன். ஆண்டுதோறும் கட்டுத் தளர்ந்ததா என்று பார்ப்பேன். தளரவில்லை என்று மகிழ்வேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், மிக்ஜாம் புயலின் மழையில் தெரு மீண்டும் மூழ்கிற்று. தெருக்கோடி வீட்டின் மாடியில், மூச்சுத்திணறல் நோயுற்ற பெரியவர் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லக் காத்திருந்தார். ஓடிச்சென்று தார்ப்பாயை அவிழ்த்தோம். புழுங்கிய நாற்றம் முகத்தில் அறைந்தது. பாயை இழுத்தேன், தளத்தின் மேல்தோலும் அதனோடு உரிந்து வந்தது. கருமையும் பசுமையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இளைஞன் ஒருவன் ஏறிக் கால் வைத்தான். முழங்கால் வரை உள்ளே போயிற்று.

வேறு படகு வர ஐந்து மணி நேரம் ஆயிற்று. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்த ஐந்து மணி நேரமும் அவர் மருமகள் மாடியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வெள்ளம் வடிந்ததும் கோவளம் சென்று, முதிய மீனவர் ஒருவரிடம் நடந்ததைக் கூறினேன். அவர் சிரித்தார். “தம்பி, நீரால் கெட்ட படகைவிட மூடிக் கெட்ட படகே மிகுதி. கட்டுமரத்தை நாங்கள் என்ன செய்வோம்? கரையேறியதும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர்த்துவோம். மரமும் மூச்சுவிட வேண்டாமா?” என்றார்.

அவர் ஒரு சொல்லில் உரைத்ததையே அறிவியல் நூல்கள் விரித்துரைக்கின்றன. பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. அவற்றைத் தடுத்தல் இயலாது. அவை முளைக்க ஈரம் வேண்டும். பலகையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக ஈரம் இருப்பின், மரத்தை அரிக்கும் பூஞ்சை வளராது. முற்றிலும் நீருள் மூழ்கிய மரமும் காற்றின்மையால் எளிதில் மக்குவதில்லை. ஈரமும் ஓரளவு காற்றும் வெம்மையும் கூடுமிடமே அதற்கு உகந்த இடம். நான் பாய்க்கும் பலகைக்கும் இடையே அத்தகைய இடத்தையே ஆக்கி வைத்திருந்தேன்! கடல்நீரைவிட மழைநீரே மரத்திற்குப் பெரும்பகை என்பதும் அப்பொழுதுதான் தெரிந்தது. உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கும்.

பெரிய கடற்படைகளும் இதில் தவறியதுண்டு. 1810-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்ட ‘குயின் சார்லட்’ என்னும் போர்க்கப்பல், பணிக்குச் செல்லும் முன்னரே மக்கிப் பெருஞ்செலவில் செப்பனிடப்பட்டது. ஆனால் 1817-இல் பம்பாயில் தேக்கினால் கட்டப்பட்டு, நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதக்கின்றது. தேக்கின் உள்ளே இயல்பாகவே ஊறியிருக்கும் எண்ணெய் அதற்குக் காவல்.

எல்லாரும் தேக்கு வாங்க இயலுமா? இங்கே எங்கள் ஊர்ப்பெயரை நினைத்துக்கொண்டேன். குரோம் உப்பால் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் அமைந்த பெயர் அது. அழுகும் தோலை அழுகாத தோலாக்குவது குரோமியம். அதே குரோமியத்தைச் செம்பு, ஆர்செனிக் ஆகியவற்றோடு கூட்டி மரத்தைக் காக்கும் மருந்தை, தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-இல் கண்டவர் சோந்தி காமேசன் என்னும் இந்தியர். செம்பும் ஆர்செனிக்கும் நீரில் கரைந்தோடாமல் மரத்திலேயே தங்கச் செய்வது குரோமியமே. உலகெங்கும் பரவிய அம்மருந்தை, ஆர்செனிக்கின் நஞ்சை அஞ்சி, 2004 முதல் பல நாடுகள் வீட்டுப் பயனிலிருந்து விலக்கின. குழந்தைகள் அமரும் படகிற்கு அதை நானும் நாடவில்லை.

புதிய தளத்திற்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடற்பயன் ஒட்டுப்பலகை வாங்கினோம். தச்சர் அறுத்த விளிம்புகளுக்கே மும்முறை வண்ணம் பூசினார். ஈரம் முதலில் நுழையும் வாயில் அறுத்த விளிம்பு என்றார். தளப்பலகைகளைக் கழற்றி எடுக்குமாறு திருகாணியால் பொருத்தினார். பாய் விரிப்பதில்லை. படகு இன்று கவிழ்ந்த நிலையில், இரு கட்டைகளின்மேல், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. மேலே தார்ப்பாய் உண்டு. பக்கங்கள் திறந்தே உள்ளன. மேற்பரப்பில் பூஞ்சணம் கண்டால் உலர்ந்தபடியே தேய்த்து வித்துகளைப் பறக்கவிடாமல், மூக்கைத் துணியால் மூடி, சோப்பு நீரால் துடைத்து வெயிலில் காய வைக்கிறோம்.

ஆண்டுதோறும் புரட்டாசியில் தெருப்பிள்ளைகள் கத்திப்பிடியால் தளத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும். மக்கியது மந்தமாக ஒலிக்கும். சென்ற ஆண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, “மாமா, இங்கே மட்டும் ஒலி வேறாக இருக்கிறது” என்றாள். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஊசியால் குத்திப் பார்த்தோம். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. உள்ளங்கையளவு இடம் கறுத்திருந்தது. அதை வெட்டியெடுத்துப் புதுத்துண்டு பதித்திருக்கிறோம்.