பிரஷர் மாத்திரையும் சர்ப்பகந்தா வேரும்

எங்கள் கீழப்பாவூரில் காலையில் நடக்க வருகிற என் வயதுக்காரர்கள் பேசுவது பெரும்பாலும் இரண்டு விஷயம்தான். ஒன்று, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பது. மற்றது, யாருக்குப் பிரஷர் எவ்வளவு என்பது. என்ன மாத்திரை என்று கேட்டால், "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்பதோடு சரி. நான் டாக்டர் இல்லை. பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அந்த உரிமையில் கொஞ்சம் எழுதுகிறேன்.

இருட்டில் நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கிறது, உடம்பு வியர்க்கிறது. இதைச் செய்வது பரிவு நரம்பு மண்டலம். நம் சொல்லைக் கேட்காமல் தானாக இயங்குவது. இந்த நரம்புகளின் நுனியிலிருந்து நார்அட்ரினலின் என்ற பொருள் கசியும். அது இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், ரத்தக்குழாய்களைச் சுருக்கும். மோட்டாரையும் வேகமாக ஓடவிட்டு, ஓஸையும் நெரித்துப் பிடித்தது போல அழுத்தம் ஏறும். நாய் போனதும் அது இறங்கிவிட வேண்டும். சிலருக்கு நாயே இல்லாமல் இந்த நரம்பு முடுக்கிக்கொண்டே இருக்கும்.

இதை அடக்கும் மருந்துகளில் முன்னோடியான ஒன்று நம் நாட்டு வேரிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. சர்ப்பகந்தா என்ற சிறு செடி. பாம்புக்கடிக்கும் மனக்கோளாறுக்கும் நாட்டு வைத்தியர்கள் அதன் வேரைக் கொடுத்துவந்தார்கள். 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள், அது ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், தன் நோயாளிகளிடம் கண்ட பலனை இங்கிலாந்து இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. நரம்பு நுனியில் நார்அட்ரினலின் சேமித்து வைக்கப்படுவதை ரெசர்பின் தடுக்கும். இருப்பு தீர்ந்தால் அழுத்தம் இறங்கும். ஆனால் மூக்கடைப்பும் சோர்வும் வந்தன, சிலருக்கு மனச்சோர்வும் வந்தது. அதனால் அதன் உபயோகம் குறைந்துபோனது.

அடுத்து வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். அவருடைய வழி வேறு. நார்அட்ரினலின் வந்து தட்டும் கதவை இதயத்தில் அடைத்துவிடுவது. 1960-களில் வந்த புரோப்ரனலால் அப்படிப்பட்டது. அந்த வேலைக்காக 1988-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அட்டெனலால், மெட்டோபுரோலால் எல்லாம் அதே வகைதான். இன்று வெறும் பிரஷருக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் வேறு மாத்திரைகள். மாரடைப்பு வந்தவர்களுக்கும் நாடித்துடிப்பு அதிகமானவர்களுக்கும் இவை முக்கியம்.

இவ்வளவும் சொன்னது ஒரு காரணத்துக்காக. எங்கள் அத்தான் பல வருஷமாக அட்டெனலால் சாப்பிடுகிறவர். ஒரு நாள், "மாப்ள, 120-க்கு 80 வந்துட்டுல்லா, இனி எதுக்கு மாத்திர?" என்று நிறுத்திவிட்டார். இரண்டு மூன்று நாளில் நெஞ்சு படபடப்பு, மார்பில் ஒரு இறுக்கம். தென்காசிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கதவை அடைச்சு வச்சா, உடம்பு இன்னும் நாலு கதவு வச்சிக்கிடும். திடீர்னு மாத்திரையை நிப்பாட்டினா எல்லாக் கதவும் ஒண்ணாத் திறந்துரும்." நல்லவேளை, மாரடைப்பு இல்லை. அக்காவுக்கு அன்றைக்குப் போன உயிர் திரும்பிவர ஒரு வாரம் ஆனது.

ஆகவே, 120-க்கு 80 என்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல. நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இவ்வகை மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பை இது மறைத்துவிடும். வியர்வையைத்தான் கவனிக்க வேண்டும். நம் நாட்டு வேர்தானே என்று சர்ப்பகந்தாப் பொடியை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். இரண்டும் ஒரே நரம்பின் வேலையைத்தான் அடக்குகின்றன. நாடி அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

வெளியூர் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாலும் சரி, மாத்திரை அட்டை பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.