வெட்டாமல் விட்ட இடம்

சென்ற மாதம் ஒரு கல்லூரியில், அல்ஃபோன்ஸோ குவாரோன் இயக்கிய ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ படத்தைத் திரையிட்டு, அதன் இயக்கத்தைப் பற்றி மாணவர்களோடு பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். 41 வருஷ காலம் எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மிகுந்த உற்சாகத்துடனேயே போனேன். படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் முன்வரிசை இளைஞர் ஒருவர் எழுந்து, “டைரக்டரைப் பற்றியும் கேமராமேனைப் பற்றியும் பேசலாம் சார், எடிட்டருக்கு இந்தப் படத்தில் வேலையே இல்லையே” என்றார். கூடத்தில் பலர் அதை ஆமோதித்துத் தலையசைத்தார்கள். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஆகையால் சாவகாசமாக இங்கே எழுதுகிறேன்.

2006ஆம் வருஷம் வெளிவந்த அப்படத்தின் தொகுப்பாளர்கள் இருவர்: ஒருவர் அலெக்ஸ் ரோட்ரிகெஸ், மற்றவர் குவாரோனே. ஆஸ்கார் பரிசுக்கு அது பரிந்துரைக்கப்பட்ட மூன்று துறைகளில், ஒளிப்பதிவுக்கும் தழுவல் திரைக்கதைக்கும் சமானமாகப் படத்தொகுப்பும் ஒன்று. இயக்குநரே தொகுப்பாளராகவும் இருந்த ஒரு படத்தில், இயக்கத்தைப் புகழ்ந்துவிட்டுத் தொகுப்பை ஒதுக்கிவிடலாம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய அறியாமை!

2027ஆம் வருஷத்து இங்கிலாந்தில், பதினெட்டு வருஷமாகக் குழந்தையே பிறவாத உலகில் நடக்கும் கதை அது. எல்லோரும் வியக்கும் அந்தக் கார்க் காட்சியையே எடுத்துக்கொள்வோம். பிங்பாங் பந்தை வாயால் ஊதி விளையாடிச் சிரித்துக்கொண்டிருக்கும் ஐந்து பேர், எரியும் வண்டி ஒன்று சரிவில் உருண்டு வந்து வழியை மறிக்க, கூச்சலிடும் கும்பலிடையே பின்னோக்கி ஓட்டித் தப்புகையில், அவர்களுள் ஒருத்தி கழுத்தில் குண்டு பாய்ந்து சாவதையும் தாண்டி, ஏறத்தாழ நான்கு நிமிஷம், கேமரா அந்த வண்டிக்குள்ளேயே அவர்களோடு அடைபட்டுக் கிடக்கிறது. கூரையை அறுத்து, ஆசனங்களைச் சாயும்படி அமைத்து, அதற்கென்றே செய்த கருவியில் கேமராவைத் தொங்கவிட்டு எடுத்தார்கள். அது மெச்சத்தக்க சாமர்த்தியமே. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே போக வழியில்லாதபோது பார்ப்பவனுக்கு மட்டும் ஒரு வெட்டின் மூலம் கதவைத் திறந்துவிடலாகாது என்று தீர்மானித்தார்களே, அந்தத் தீர்மானந்தான் இயக்கம் என்பேன். பிறகு வழியில் வண்டியை நிறுத்தும் காவலர்கள் சுடப்பட்டபின், வண்டி நகர்ந்து போக, கேமரா மட்டும் இறங்கிப் பிணங்களோடு ரஸ்தாவில் நின்றுவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ளும் பக்குவத்தை எனக்குத் தந்தவர் என் வாத்தியார். நான் அவரிடம் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிராத சமயம், சாவு வீட்டு முற்றத்தில் ஒரு கிழவி, வருகிறவர்களையெல்லாம் பார்த்தபடி வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் 315 அடி ஷாட் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். அவர் வருவதற்குள், மூவியோலாவில் ஓட்டி ஓட்டிப் பார்த்து, அதைப் பதினொரு துண்டாக்கி, நடுநடுவே குத்துவிளக்கையும் அழுகிற முகங்களையும் வாசற்படியையும் சொருகி, வேகமும் விறுவிறுப்பும் ஊட்டிவிட்டதாகப் பெருமிதத்தோடு காத்திருந்தேன். பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சொருகியதையெல்லாம் எடுத்துவிட்டுப் பழையபடி ஒட்டச் சொன்னார். பிலிம் துண்டுகளைச் சிமென்ட் பசையால் ஒட்டினால் ஒட்டுக்கு ஒரு பிரேம் போய்விடும். பத்து ஒட்டுக்குப் பத்து பிரேம் போயிற்று. திரும்ப ஓட்டியபோது கிழவியின் முகம் பத்து இடத்தில் வெட்டி வெட்டித் துள்ளியது.

“தம்பி, உனக்கு எங்கெங்கே பொறுக்கலையோ அங்கெல்லாம் வெட்டியிருக்கே. அந்த அம்மாவுக்கு எங்கே பொறுக்கலேன்னு பார்த்தியா?” என்று கேட்டார்.

வேறு பிரிண்ட் போட வைத்து, அந்த 315 அடியையும் நாள்தோறும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, கத்தரியைத் தொடாமல் பார்க்கச் செய்தார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, முந்தானை நுனியை இறுகப் பற்றியிருந்த அந்தக் கை, மூன்றாம் நிமிஷத்துக்குப் பிறகு, முகத்தில் யாதொரு சலனமும் இல்லாமல் மெல்லத் தளர்வதைக் கண்டேன். அந்த இடத்தில் ஒரே ஒரு வெட்டு வைத்தோம். என் வித்தையெல்லாம் அந்த ஒரு வெட்டிலிருந்து வந்ததுதான்.

குவாரோனின் படம் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். கதாநாயகன் தியோ காப்பிக் கடையிலிருந்து வெளியே வருகிறான், வெட்டில்லை. நடைபாதையில் நின்று கோப்பையில் மதுவைக் கலக்கிறான், வெட்டில்லை. கடை வெடித்துச் சிதறுகிறது, அப்போதும் வெட்டில்லை. துண்டான தன் கையைத் தானே ஏந்திக்கொண்டு ஒரு பெண் புகையிலிருந்து தள்ளாடி வருகிறாள். அங்கே விழுகிறது வெட்டு. வெடிப்பில் வெட்டியிருந்தால் அது வெறும் அதிர்ச்சியாகவே முடிந்திருக்கும்.

மேலும், அந்தக் கார்க் காட்சி ஒரே ஷாட் அன்று. ஆறு பகுதிகளாக, நான்கு இடங்களில், ஒரு வார காலத்தில் எடுத்து, ஐந்து இடங்களில் கம்ப்யூட்டர் மூலம் இணைத்தது அது. எந்தப் பகுதியின் முடிவிலுள்ள வெளிச்சமும் வண்டியின் வேகமும் நடிகரின் மூச்சும் எந்தப் பகுதியின் தொடக்கத்தோடு பொருந்தும் என்று தேர்ந்து நிர்ணயிப்பது தொகுப்பல்லாமல் வேறென்ன? இறுதிப் போர்க் காட்சியில் லென்ஸின்மேல் ரத்தத் துளிகள் தெறித்துவிட, குவாரோன் ‘கட்’ என்று கத்தியும் வெடிச்சத்தத்தில் ஒருவர் காதிலும் அது விழவில்லை என்பார்கள். தெறித்தது தற்செயல். அதைக் கழித்துவிடாமல் படத்தில் வைத்துக்கொண்டதும், சற்று நேரத்துக்குப்பின் பார்ப்பவன் அறியாதபடி துளிகளை மறையச் செய்ததும் தற்செயல் அல்ல.

இன்றைய பிள்ளைகள் இந்தப் படத்திலிருந்து நீளத்தை மட்டுமே கற்றுக்கொண்டார்கள். ஒரே ஷாட்டில் இத்தனை நிமிஷம் எடுத்தோம் என்று விளம்பரத்திலேயே அறிவிக்கிறார்கள். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. மற்றொரு பக்கம், இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு. ஒரு பித்தானை அழுத்தினால் செய்த பிழை மறைந்துவிடுகிறபடியால், வெட்டுவதற்கு முன் ஒரு ஷாட்டை முழுதாகப் பார்க்கும் பொறுமையே அற்றுப்போயிற்று. ஒரு பிரேம் போய்விடுமே என்ற பயம் எங்களுக்கு இருந்தது. அந்தப் பயமே எங்களைப் பார்க்க வைத்தது.

அந்த இளைஞருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: கார்க் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உங்களுக்கு எங்கெங்கே பொறுக்கவில்லையோ அந்த இடங்களையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவ்விடங்களில் வெட்டு இராது. பிறகு, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, தொகுப்பாளர்களின் பெயர் வரும்வரையாவது எழுந்திராமல் உட்கார்ந்திருங்கள்.