மிச்சக் கதை எங்கே?

சித்திரக்கதை படித்தால் பாடம் கெடும் என்று எமது பெற்றோர் எம்மைக் கண்டித்ததுண்டு. பாடப்புத்தகத்தின் நடுவே ராணி காமிக்ஸை மறைத்துப் படித்த நாமே இன்று எஸ்பியர்க் நகரில் எமது பிள்ளைகளிடம் சித்திரக்கதையை நீட்டி, இதையாவது படியுங்கள் என்று கேட்டு நிற்கின்றோம். காலத்தின் கோலம் அப்படி.

எமது மாணவச் செல்வங்களுக்கு எழுத்துத் தெரியும். இரண்டு பக்கம் தொடர்ந்து வாசிக்கும் பொறுமைதான் தமிழில் வருவதில்லை. டெனிஷ் மொழியில் அப்படியன்று. 1949ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வெளிவரும் டொனால்ட் வாத்தின் இதழைப் படித்தே வாசிக்கப் பழகிய தலைமுறைகள் இங்குள்ளன. நூலகத்தில் லக்கி லூக் கதைகளை எமது பிள்ளைகளும் டெனிஷில் விரும்பிப் படிக்கின்றனர். அதே லக்கி லூக் சிவகாசியில் தமிழ் பேசுகின்றார் என்பதை அவர்கள் அறியார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பழைய தமிழ்ச் சித்திரக்கதை ஒன்றை யாரோ பக்கம் பக்கமாகப் படியெடுத்து, ஒரே கோப்பாக்கி அனுப்பியிருந்தார்கள். இத்தகைய கோப்பில் மந்திரம் எதுவுமில்லை. வரிசை எண்ணிட்ட படங்களைச் சுருக்கிக் கட்டிய பொட்டலந்தான் அது. வகுப்பில் திரையிட்டோம். பிள்ளைகள் போட்டி போட்டு வாசித்தார்கள். மகிழ்ச்சி மிகுதியால் அன்று மாலையே பெற்றோர் அனைவரின் கைத்தொலைபேசிக்கும் அதனை அனுப்பினோம். அதுவே எமது பிழை.

பின்னர் அச்சு நூல்களை வரவழைப்போமா என்று கேட்டபோது, "அதுதான் எங்களிட்ட இருக்கே" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை. கொடுத்தவர்கள் நாமல்லவா?

கோப்பினால் விற்பனை பெருகிய கதைகளும் உண்டு. 2010இல் அமெரிக்க ஓவியர் ஸ்டீவ் லீபரின் 'அண்டர்கிரவுண்ட்' என்னும் நூலை ஒருவர் முழுமையாக இணையத்தில் ஏற்றிவிட்டார். லீபர் சினங்கொள்ளாமல் அங்கு சென்று வாசகர்களுடன் உரையாடினார். மறுநாள் நூலின் விற்பனை வெகுவாக உயர்ந்தது. இதனைக் காட்டி, முழுவதையும் இலவசமாகக் கொடுத்தாலென்ன என்று எம்முள் ஒருவர் வாதிட்டார். ஆனால் லீபரின் நூல் அதன் படைப்பாளிகளுக்கே சொந்தமானது. சிவகாசியின் நிலை வேறு. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் பிறந்த அந்த இல்லம், ஐரோப்பிய உரிமையாளர்களுக்குப் பணம் செலுத்தி, மொழிபெயர்த்து, அச்சிட்டு, பெரிதும் சந்தாதாரரை நம்பி நூல் வெளியிடுகின்றது. லக்கி லூக்கை இலவசமாக வாரி வழங்க அவர்களுக்கே உரிமையில்லை. எமக்கு எங்கிருந்து வந்தது?

அவர்கள் செய்வது வேறொன்று. வரவிருக்கும் நூலின் அட்டையையும் சில மாதிரிப் பக்கங்களையும் இணையத்தில் முன்கூட்டியே காட்டுகின்றார்கள். சென்ற ஆண்டு நாம் பழைய கோப்பை அழித்துவிட்டு, அம்மாதிரிப் பக்கங்களை மட்டும் வகுப்பில் காட்டினோம். குதிரை ஏதோ நையாண்டி பேச, டால்டன் சகோதரர்கள் ஓடத் தொடங்கும் இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது. வழக்கமாக வாயே திறக்காத பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "மிச்சக் கதை எங்கே?" என்று தமிழிலேயே கேட்டான்.

அவனது தந்தைதான் முதலில் பெயர் கொடுத்தார். பழைய கோப்பை இன்னும் வைத்திருந்த இரு குடும்பத்தினரும் கொடுத்தனர். தபாற் செலவு நூலின் விலையை எட்டிப் பிடித்ததால் சிலர் பின்வாங்கினார்கள். பலருக்குமாக ஒரே பொதியாக வரவழைத்து அச்செலவைப் பகிர்ந்துகொண்டோம். பல வாரங்கள் கழித்து, மூலைகள் நசுங்கிய நிலையில் பொதி வந்து சேர்ந்தது.

அச்சிறுவன் டெனிஷ் பதிப்பை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, இரண்டையும் மேசையில் விரித்து, கட்டம் கட்டமாக ஒப்பிட்டுப் படித்தான். கதை முன்பே தெரிந்ததால் தெரியாத தமிழ்ச் சொல்லும் அவனுக்குத் தடையாகவில்லை. ஓரிடத்தில் நிறுத்தி, குதிரையின் பகிடி டெனிஷைவிடத் தமிழில் நன்றாயிருக்கின்றது என்றான். பிறகு மற்றவர்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டினான்.

இரண்டாவது பொதிக்கான பெயர்ப்பட்டியல் இப்போது வகுப்பறைச் சுவரில் தொங்குகின்றது. சில பெயர்கள் பிள்ளைகளின் கையெழுத்திலேயே உள்ளன.