ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் கொடுப்போர் கையும்

ஜவ்வாது மலையில் பிறக்கும் ஒரு குழந்தை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் பலருடைய கை அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், உண்டு உறைவிடப் பள்ளியின் சமையலர், வாத்தியார், சாதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் அலுவலர் என்று அந்த வரிசை நீளும். ஒருவர் விட்டாலும் படிப்பு அங்கேயே நின்றுவிடக்கூடும். இவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள். தனியார் அறக்கொடைக்கு இந்த வரிசையில் உள்ள வேலை, ஆள் இல்லாத இடத்தில் போய் நிற்பது. அந்த இடம் எது என்று விசாரித்துவிட்டுக் கொடுப்பவர்கள் குறைவு. நல்ல மனதோடு மலையேறும் உதவியில் பெரும்பகுதி வீணாவதற்குக் காரணம் இதுதான்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைப் பக்கத்தின் ஒன்றியத் தலைமையிடம். திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. வேலூர்ப் பக்கம் அணைக்கட்டை ஒட்டிப் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு. மக்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். சாமை விளைவிப்பார்கள், புளி, பலா, தேன் எடுப்பார்கள். நிலம் மானாவாரி. மழை ஏமாற்றினால் குடகுக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போவார்கள், அல்லது திருப்பூருக்கு. தரகர்கள் காட்டும் ஆசையில் ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலைப் பகுதியையும் தருமபுரி மலையூர்களையும் சேர்ந்தவர்கள். தகப்பனை இழந்த வீட்டில் மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு. பழங்குடியினரிடையே அது 54.3தான். குழந்தைகளின் உடல் கணக்கும் இதே கதையைச் சொல்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பழங்குடிப் பிள்ளைகளில் 40.9. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த பிள்ளைக்குப் பாடம் மண்டையில் ஏறாது. படிப்புக்கு ஒருவர், வைத்தியத்துக்கு ஒருவர் என்று கொடுப்பவர்கள் பிரிந்து நிற்கலாம். பிள்ளையின் உடம்பில் இரண்டும் ஒன்றுதான்.

மலைப் பள்ளிக்கு உதவ நினைப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது நோட்டுப் புத்தகமும் பையும். ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, பை, வண்ணப் பென்சில், கணித உபகரணப் பெட்டி எல்லாமே விலையின்றி வருகின்றன. மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும்கூட உண்டு. எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவு மதியத்துக்கு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் கட்டத்தில் சேர்த்த 1,545 தொடக்கப் பள்ளிகளில் மலைப்பகுதிப் பள்ளிகளும் இருந்தன. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இவ்வளவும் இருக்கும் இடத்தில் இன்னொரு நோட்டுக் கட்டை இறக்கிவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பதால் யாருக்கும் பயனில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது மரியாதையும் இல்லை.

பள்ளிக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவு ஆரம்பத்தில் முழுக்க அரசுப் பணத்தில் நடந்ததில்லை. செலவில் ஒரு பங்கை ஊரார் ஏற்றார்கள். 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தில் மணி, நாற்காலி, கரும்பலகை, சீருடை, நிலம் என்று ஊர்மக்கள் தங்கள் பள்ளிக்குத் தாங்களே கொடுத்தார்கள். அதன் சிறப்பு, கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது. என்ன குறை என்று அவர்களுக்கே தெரியும். கொடுத்த மணி அடிக்கிறதா என்று மறுநாளே போய்ப் பார்க்கவும் முடியும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஜவ்வாது மலைக்குக் கொடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. தூரத்தை ஈடுகட்ட அவர் நம்பகமான ஆளைப் பிடிக்க வேண்டும், பல ஆண்டு தொடர வேண்டும். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ பழைய மாணவரும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்குப் பணம் தர ஒரு வழியைத் திறந்திருக்கிறது. ஆனால் முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் ஊரில் வசதியான பழைய மாணவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சமவெளி ஊருக்குப் பொருந்தும் ஏற்பாடு மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

மருத்துவத்தில் இடைவெளி இன்னும் பெரியது. இங்கே அது உயிர் சம்பந்தப்பட்டது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையைச் சேர்ந்த அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பும் வழியில், சாலை இல்லாத இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு சுமார் 10 கிலோமீட்டர் நடந்தாள். 2008 முதல் 108 வண்டி ஓடும் மாநிலத்தில் இது நடந்தது. வண்டி இருந்தது, விஷமுறிவு மருந்தும் மாநிலத்தில் இருந்தது; சாலை இல்லை.

சாலை போடுவது அறக்கட்டளையின் வேலை அல்ல, அரசின் வேலை. காட்டு நிலம் என்பது அதற்குத் தடையாகச் சொல்லப்படும். ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), பள்ளி, மருந்தகம், சாலை போன்ற ஊர்த் தேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குட்பட்ட காட்டு நிலத்தை, கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க இடம் தருகிறது. அந்தத் தீர்மானத்தை எழுதவும், விண்ணப்பத்தைப் பின்தொடரவும், மாவட்ட அலுவலகத்துக்கு நாலு நடை நடக்கவும் படித்த ஆள் ஒருவர் ஊரோடு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்படிப்பட்ட ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதைக் கொடையாக எண்ணுவோர் அரிது. அது நல்ல கொடை. அவசரத்துக்கு வண்டி வாடகை, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, அந்த நாட்களில் போன கூலி, இவையும் அப்படித்தான். வைத்தியம் இலவசமாகவே கிடைத்தாலும், போளூருக்கும் வேலூருக்கும் போய் வருவது இலவசமில்லை. பிள்ளையைப் பாதி வைத்தியத்தில் வீட்டுக்குக் கூட்டிவருவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல, இந்தச் செலவால்.

இந்த வட்டாரத்தில் மருத்துவக் கொடைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலைக்கு, அமெரிக்க வங்கியாளர் ஒருவர் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் மருத்துவமனைக் கட்டடம் எழுந்தது. அதிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமூக நல மருத்துவர்கள் பிற்காலத்தில் ஜவ்வாது மலை ஊர்களுக்கும் நடமாடும் மருத்துவத்தைக் கொண்டுபோனார்கள்.

ஆனாலும் மலைமக்களுக்கான மருத்துவக் கொடைக்கு மிகத் தெளிவான உதாரணம் பக்கத்து மலையில் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையில் உள்ளது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கேயும் மலையாளிப் பழங்குடியினரே. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1990களின் தொடக்கத்தில் அங்கே போய், ஊரார் கட்டித் தந்த கூரைக் கொட்டகையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அப்போது பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அந்த எண்ணிக்கை பின்னர் 20 அளவுக்கு இறங்கியது. அதைச் செய்தது கருவிகள் மட்டும் அல்ல. உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் ஊர்தோறும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். கர்ப்பிணி வீட்டுக்குப் போவதும், பிறந்த பிள்ளையை எடை போடுவதும், பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்வதும் அந்தப் பெண்களின் வேலை. வெளியிலிருந்து வந்த நன்கொடை அந்தப் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் போனது. ஒருநாள் முகாம் நடத்தி மாத்திரை கொடுத்துவிட்டு இறங்கிவிடும் குழுக்களால் இப்படி ஒரு மாற்றத்தைக் கொண்டுவர முடியாது. யார் எவ்வளவு பெரிய பேனர் கட்டினாலும் முடியாது.

படிப்பின் பக்கம் வந்தால், மலையூர்களில் பள்ளி என்பது பெரும்பாலும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. ஊர்கள் சிதறிக் கிடப்பதாலும் பெற்றோர் பிழைப்புக்கு வெளியூர் போவதாலும் பிள்ளைகள் தங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. அரசு விடுதிகளில் பள்ளி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. நாளைக்கு 47 ரூபாய்கூட வராது. அதில் மூன்று வேளை. வளரும் பிள்ளைக்கு வேண்டிய பருப்பும் பாலும் காய்கறியும் இதற்குள் கட்டுப்படியாகாது. மலையிலேயே விளையும் சாமையையும் பலாவையும் விடுதிக்கு வாங்கிக் கொடுத்தால் பிள்ளை வயிறும் நிறையும், பெற்றோர் கையிலும் காசு நிற்கும்.

பத்தாம் வகுப்புக்கு மேல் ஆபத்து அதிகம். பெண்பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு வந்துவிடும், பையனைத் தரகர் கூப்பிடுவார். இரண்டையும் தடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை நின்று போகும். மலையாளி என்ற சாதிச் சான்றிதழுக்கு அலைவது இந்த மலையில் பல பெற்றோரின் அனுபவம். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எப்போது விண்ணப்பம், முதல் மாத விடுதிக் கட்டணம் எங்கிருந்து என்பதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை தமிழ்நாடு முழுவதும் முதல் தலைமுறை மாணவர்களுக்குச் செய்வது பணம் கட்டுவதோடு நிற்பதில்லை. கல்லூரிக் காலம் முழுவதும் கூடவே ஒரு அண்ணனையோ அக்காவையோ போல வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஜவ்வாது மலைக்கு வேண்டியது அதே வகை உதவி.

கூட ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலையிலேயே சான்று உண்டு. ஏலகிரியில் பள்ளி படித்து, சட்டம் முடித்த ஜவ்வாது மலைப் புலியூர் ஸ்ரீபதி, பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே சென்னைக்குக் காரில் போய் உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதினார். 2024 தொடக்கத்தில் வந்த முடிவில் 23 வயதில் தேர்ச்சி பெற்றார். கணவரும் தாயும் துணை நின்றார்கள். அந்தத் துணை கிடைக்காத வீடுகளுக்குத்தான் வெளியிலிருந்து துணை போக வேண்டும்.

பணம் வரும் வழியும் மாறியிருக்கிறது. 2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அது பெரும்பாலும் கட்டடமாகவும் கணினி அறையாகவும் முடிகிறது, கல்வெட்டு வைக்க வசதி என்பதால். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம், ஒரு அமைப்பு வாங்கும் வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பதைத் தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது. மலையில் பத்துப் பதினைந்து ஊரோடு வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்கு இது பலத்த அடி. அங்கே சம்பளம்தானே சேவை! மாலை வகுப்பு நடத்தும் உள்ளூர்ப் பெண்ணுக்கு மாதம் கொடுக்கும் பணம்தான் அந்தத் திட்டமே.

விடுதி கட்டிப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் எப்போதும் முதல் வழியாக இருக்கத் தேவையில்லை. கைம்பெண்ணின் பிள்ளை, பாட்டி வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளை போன்றவர்களை வீட்டிலேயே வைத்து வளர்க்க மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதற்கு மனு எழுதிக் கொடுத்து, வங்கிக் கணக்கு திறந்து, பணம் வரும் வரை விடாமல் கேட்பவர் ஒருவர் ஒரு வருடத்தில் பல பிள்ளைகளைத் தாயிடமே இருக்க வைக்கலாம்.

ஆகவே இந்த மலைக்கு ஏதாவது செய்ய நினைக்கும் வாசகர், பொருள் வாங்குவதற்கு முன் ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ ஒரு பள்ளித் தலைமையாசிரியரையோ கிராம செவிலியரையோ பார்த்து, இந்த வருடம் எந்தப் பிள்ளை எதனால் நின்றது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒரு பஸ் செலவாகவோ, ஒரு சான்றிதழாகவோ, ஒருவரின் சம்பளமாகவோ இருக்கும். அதைக் கொடுங்கள், அடுத்த வருடமும் கொடுங்கள்.