மெல்ல எரியும் மருந்து

விரைவை நாடுகிறவன் விரைந்து எரிவதையே தேடுவான் என்று எண்ணுவது உலக இயல்பு. ஆனால் அடுப்பங்கரையை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. வைக்கோல் தீக்குச்சி பட்டவுடன் ஆளுயரம் சுடர்விட்டு, உலைநீர் சூடேறுமுன்னே சாம்பலாகிறது. புளியங்கட்டையோ தயங்கித் தயங்கிப் பற்றுகிறது. பற்றியபின் சோறு வெந்து இறங்கும்வரை நின்று எரிகிறது. சமையலுக்கு வேண்டியது தீயின் உயரமன்று. அது நிலைக்கும் காலமே. அமெரிக்க நாட்டில் வேட்டைத் துப்பாக்கிக்குத் தம் கையாலேயே தோட்டா நிரப்பிக்கொள்வோர் தம் தொழிலின் முதற்பாடமாகக் கொண்டிருப்பதும் இவ்வுண்மையையே.

அந்நாட்டில் இவ்வழக்கம் பரவலானது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல் துடைத்து, பழைய அளவுக்குத் திருத்தி, அடிப்புறத்தில் பிரைமர் எனப்படும் புதிய பொறிமூட்டியைப் பொருத்தி, மருந்தைத் தராசில் நிறுத்து இட்டு, மேலே குண்டை அமர்த்துகின்றனர். நிறுவைக்கு அவர்கள் கொள்ளும் அலகு கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். செலவைக் குறைப்பது ஒரு நோக்கம். தம் துப்பாக்கி ஒன்றுக்கென்றே பொருந்தும் தோட்டாவை ஆக்கிக்கொள்வது மற்றொன்று. ஓய்வுநேரப் பொழுதுபோக்காகத் தோன்றும் இவ்வேலையில் கண்ணும் கையும் பணயமாக வைக்கப்பட்டுள்ளன என்பதை அவர்கள் மறப்பதில்லை. சுடுபவனின் கண்ணுக்கும் மருந்து எரியும் அறைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் தூரமே உண்டு.

மருந்தைத் தேர்வதில் பெருங்கவனத்தை வேண்டுவது மேக்னம் வகைத் தோட்டா. மேக்னம் என்பது பெரியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912 ஆம் ஆண்டில் .375 மேக்னத்தையும், 1925 இல் .300 மேக்னத்தையும் வெளியிட்டது. அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1963 இல் .300 வின்செஸ்டர் மேக்னத்தை அறிமுகப்படுத்திற்று. 1906 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற இராணுவத் தோட்டாவாகிய .30-06 உடன் இதனை ஒப்பிட்டால் செய்தி விளங்கும். இரண்டும் எறிவது 0.308 அங்குல விட்டமுள்ள குண்டுதான். ஆயினும் மேக்னத்தின் கூடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொள்ளும். வயிறு பெருத்தது, வாய் பெருக்கவில்லை. சிக்கல் அனைத்தும் இங்கிருந்தே பிறக்கிறது.

வெடிமருந்து என்று பெயர் பெற்றிருப்பினும், புகையிலா மருந்து துப்பாக்கிக்குள் வெடிப்பதில்லை, எரிகிறது. எரிந்து வாயுவாகிறது. வாயுவுக்கு இடம் போதாமையால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறுகிறது. வேகம் ஏறவே அழுத்தம் மேலும் உயர்கிறது. ஒன்றையொன்று வளர்க்கும் இவ்விரண்டுக்கும் கடிவாளம் ஒன்றே: குண்டு முன்னோக்கி நகர்ந்து வாயுவுக்கு இடம் விடுவது. குண்டு சில அங்குலம் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்தை எட்டிவிடும். .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு விதிக்கப்பட்ட உச்ச எல்லை சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. மோட்டார் வண்டியின் சக்கரத்தில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 பவுண்டுதான் என்பதை நினைத்தால் இதன் பெருமையும் பயங்கரமும் ஒருங்கே புலப்படும்.

இப்பெரிய கூட்டில் விரைந்து எரியும் மருந்தை நிறைய இட்டால் என்ன நிகழும்? குண்டு தன் கனத்தால் தயங்கி நிற்கும்போதே மருந்தின் பெரும்பகுதி வாயுவாகிவிடும். அழுத்தம் எல்லையைத் தாண்டி எஃகையே பிளக்கும். அஞ்சி அளவைக் குறைத்தாலோ, உச்சம் எல்லைக்குள் அடங்கும். ஆனால் குண்டு குழலின் பாதியைக் கடக்குமுன்னே உந்துவிசை தளர்ந்துவிடும். மெல்ல எரியும் மருந்தோ அதே உச்ச எல்லைக்குள் நின்றுகொண்டு, கூடுதலான அளவில் எரிந்து, குண்டு குழலில் ஓடும் தொலைவில் பெரும்பகுதியும் அதனைத் தள்ளிக்கொண்டே செல்கிறது. நின்றுபோன வண்டியை ஓங்கி உதைப்பவனுக்குக் கால் வலிக்குமேயன்றி வண்டி நகராது. தோள்கொடுத்துத் தொடர்ந்து தள்ளுகிறவனே அதனை உருட்டுகிறான். விசையும் அது செயற்படும் தூரமும் சேர்ந்ததே வேலை என்று பள்ளியில் கற்பிக்கப்படும் பௌதிக விதிக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மெல்ல எரிவது என்றாலும் அஃது ஒப்புநோக்கில் கூறும் சொல்லே. குண்டு குழலைக் கடக்கும் காலம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். அக்கணத்துக்குள் தீயை வரிசைப்படுத்தி நடத்துவதற்கு அறிஞர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். மருந்துமணி மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காகவே எரியும் என்பதைப் பிரெஞ்சுப் பீரங்கிப்படை அறிஞர் பியோபேர் 1839 இல் எடுத்துரைத்தார். மருந்துக் கட்டியில் துளையிட்டால், வெளிப்புறம் சுருங்கும்போதே துளை விரிந்து எரிபரப்பைக் காக்கும் என்பதை அமெரிக்க இராணுவத்தின் ராட்மன் பெரும்பீரங்கிகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். 1884 இல் பிரான்சின் பால் வியே புகையிலா மருந்தை ஆக்கினார். பின்வந்தோர் மருந்துமணியின் மேல் எரிதலைத் தணிக்கும் பூச்சைப் பூசி, தொடக்கத்தின் வேகத்தை மேலும் அடக்கினர். தீயை மூட்டக் கற்றது மனிதனின் பழைய கல்வி. தீயைக் காத்திருக்கச் செய்தது அவனது புதிய கல்வி.

இக்கல்வியின் பயன் சாதாரண வேட்டைக்காரனின் மேசைக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னராகும். போர் ஓய்ந்தபோது 20 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கென ஆக்கிய மருந்து அமெரிக்க அரசிடம் மிகுதியாகத் தேங்கிக் கிடந்தது. அதன் எண் 4831. கான்சஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜன் அத்தகைய எஞ்சிய மருந்துகளை வாங்கி, தோட்டா நிரப்புவோருக்கு மலிவாக விற்றார். பீரங்கிக்கென மெதுவாக்கப்பட்ட அம்மருந்து பெருங்கூட்டுத் தோட்டாக்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்திற்று. போர்க்களத்துக்கென ஆக்கியது வேட்டைக்காட்டுக்கு உதவிற்று.

ஆனால் அந்த எண்ணே பின்னாளில் ஓர் ஆபத்துக்கு வித்தாயிற்று. 1970களில் டியூபாண்ட் நிறுவனம் ஐ.எம்.ஆர். 4831 என்னும் மருந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. எண் ஒன்றே, இயல்பு ஒன்றன்று. ஹாட்ஜனின் எச் 4831 ஐவிட அது விரைந்து எரிவது. எச் என்ற எழுத்துக்குரிய உயர்ந்த அளவை ஐ.எம்.ஆர். மருந்தில் இட்டவனின் துப்பாக்கி எல்லை கடந்த அழுத்தத்தைத் தாங்க நேரும். 2003 ஆம் ஆண்டில் ஹாட்ஜன் நிறுவனமே ஐ.எம்.ஆர். நிறுவனத்தை வாங்கியது, எனினும் உரிமையாளர் ஒருவரானதால் மருந்துகள் ஒன்றாகிவிடவில்லை. பெயரின் முன்னே நிற்கும் ஓரெழுத்தைப் படிக்காமல் விட்டவனுக்குப் பொருளே மாறிவிடுகிறது. குறிலும் நெடிலும் பிரித்தறியாத மாணவனுக்குப் பொருள் மாறுவது ஏட்டில். இங்கு மாறுவது உடலில்.

இன்னொரு மயக்கமும் உண்டு. விரைவு முதல் மெதுவு வரை மருந்துகளை வரிசையிட்ட அட்டவணைகள் கிடைக்கின்றன. 4895, அதற்குப் பின் 4350, அதற்குப் பின் 4831, அதற்கும் பின் எச் 1000 என்று அவை செல்லும். இதனைக் கண்டவன், அடுத்தடுத்து நிற்பவை ஏறத்தாழ ஒன்றே என்று எண்ணிவிடக் கூடும். வகுப்பில் ஐந்தாம் இடம் பெற்றவனுக்கும் ஆறாம் இடம் பெற்றவனுக்கும் இடையே ஒரு மதிப்பெண் வேறுபாடும் இருக்கலாம். இருபது மதிப்பெண் வேறுபாடும் இருக்கலாம். இடத்தைச் சொல்லும் பட்டியல் இடைவெளியைச் சொல்வதில்லை. அன்றியும், தோட்டா மாறினால் மருந்தின் வரிசையும் சில வேளைகளில் மாறும். எத்தகைய மருந்து என்று தெரிந்துகொள்ள அட்டவணை உதவும். எத்தனை கிரெய்ன் என்று அறிய அது உதவாது.

அவ்வாறாயின் மெதுவு மிக மிக நன்மை பயக்குமோ எனின், அதற்கும் எல்லையுண்டு. கனமான குண்டுக்கும் பெரிய கூட்டுக்கும் மெதுவான மருந்து ஏற்றது. இலேசான குண்டுக்கோ குட்டையான குழலுக்கோ அளவிறந்து மெதுவானதைக் கொடுத்தால், மருந்து முழுதும் எரியுமுன் குண்டு வெளியேறிவிடும். எஞ்சியது குழல்வாயில் வெறும் சுடராகவும் ஓசையாகவும் வீணாகும். இதனினும் வியப்பானது மற்றொன்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். இங்கு அளவுக்குக் குறைந்தாலும் நஞ்சாகலாம். பெரிய கூட்டில் மெல்ல எரியும் மருந்தைக் கையேடு குறிக்கும் தொடக்க அளவுக்கும் கீழே குறைத்து இட்டபோது, துப்பாக்கி சிதறிய நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. அதன் காரணத்தைப் பற்றி வல்லுநரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் எச்சரிக்கையில் வேற்றுமை இல்லை. அச்சத்தால் குறைப்பதும் ஆசையால் கூட்டுவதும் ஒரே படுகுழிக்கு இட்டுச் செல்லும் இரு வழிகள்.

ஆதலின் அனுபவம் மிக்கவர்கள் சில நெறிகளைச் சமயக் கட்டுப்பாடுபோல் பேணுகின்றனர். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் புட்டிக்கு மேல் வைப்பதில்லை. மருந்தை வேறு கலத்தில் ஊற்றி வைப்பதில்லை. பரிசோதித்து வெளியிடப்பட்ட கையேட்டின் தொடக்க அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே ஏறுகின்றனர். ஒரே பெயருள்ள மருந்தாயினும் அடுத்த உற்பத்தித் தொகுதிப் புட்டியைத் திறந்தால் மீண்டும் கீழிருந்தே தொடங்குகின்றனர். குளிர்காலத்தில் அளவு பார்த்த தோட்டா கோடை வெயிலில் கூடுதல் அழுத்தம் தரக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்கின்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. இத்தொழிலில் கறியைக் காப்பதே ஏட்டுச் சுரைக்காய்தான்.

மெல்ல எரியும் மருந்துக்கு அதன் இயல்பிலேயே ஒரு நற்பண்பும் அமைந்துள்ளது. விரைந்து எரியும் மருந்து கூட்டின் அடியில் சிறிதளவே கிடக்குமாதலால், கவனம் பிசகி இருமுறை இட்டாலும் கூடு அதனை வெளிக்காட்டாது மறைத்துவிடும். மெதுவான மருந்தோ கூட்டின் கழுத்துவரை நிறைந்து நிற்பது; இருமுறை இட்டால் வழிந்து மேசையில் கொட்டித் தவற்றைத் தானே அறிவிக்கும். நிறைந்த பாத்திரம் பொய் சொல்வதில்லை.

பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது, இத்தொழிலில் உவமையாக நில்லாமல் உள்ளபடியே உண்மையாகிறது. குண்டுக்கு மிகுந்த வேகத்தைக் கொடுப்பது, கொள்கலத்துக்கு ஏற்ற அளவில் பொறுத்து எரியும் மருந்து. அம்மருந்தைப் பாதுகாப்பாகக் கையாள்பவனோ, புட்டியின் மேலுள்ள ஓரெழுத்தையும் விடாது படித்து, நிறுத்ததை மறுபடியும் நிறுத்து, மருந்தின் பெயர், தொகுதி எண், எடை, குண்டு, நாள் ஆகிய ஐந்தையும் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிய பின்னரே விளக்கை அணைக்கிறான்.